நம்பர் மேல் பொட்டு

எங்கள் வீட்டில் எனக்கு மூத்தது இரண்டு. ஒன்று அண்ணன் முத்துக்குமரன். இன்னொன்று ஒரு ரைஃபிள் துப்பாக்கி, குழல் அளவு முந்நூற்றுப் பதினைந்து போர். நான் பிறப்பதற்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டதால் அதை அக்கா என்றுதான் சொல்வேன். வீட்டில் இருக்கிற ஒரே பீரோ அக்காவுக்கு. எங்கள் துணிமணியெல்லாம் கொடியில் கிடக்கும். எனக்குத் தீபாவளிக்குத் தீபாவளிதான் எண்ணெய்க் குளியல். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாது. அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சாக்கை விரிப்பார். அவளைக் கழற்றுவார். குழலுக்குள் கயிறு கட்டிய துணியை விட்டு இழுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி பூட்டி உள்ளே வைப்பார். என் தலையில் பேன் இருக்கிறதா என்று இத்தனை அக்கறையாக யாரும் பார்த்தது கிடையாது.

அப்பா பெயர் சிவனணைந்தபெருமாள். வங்கியில் சட்டையில் குத்துகிற பெயர்ப் பட்டையில் அவ்வளவும் பிடிக்கவில்லை. ‘சிவனணை’ வரைக்கும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த காலம் முழுக்க மேனேஜரிலிருந்து நகை அடகு வைக்க வருகிறவர்கள் வரைக்கும் சிவனணை, சிவனணை என்றே கூப்பிட்டார்கள். மிச்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்பா அப்படி. கொடுத்ததை வாங்கிக்கொள்வார், சொன்னதைச் செய்வார், ஒருதடவை யாராவது இல்லை என்று சொல்லிவிட்டால் மறுதடவை கேட்க மாட்டார்.

பிறந்தது ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். பெரியப்பா மளிகைக் கடை போட்டார். அப்பாவையும் கல்லாவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கடன் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத ஆளைக் கல்லாவில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய்விட்டார். அங்கே அவருக்கு ஒத்துப்போயிற்று. எப்போது எழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வேறொருவர் சொல்லிவிடுவார்.

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவனுக்குத் தூத்துக்குடியில் இரண்டே வேலை. ஒன்று வாட்ச்மேன். இன்னொன்று துப்பாக்கி வைத்திருக்கிற வாட்ச்மேன். இரண்டாவதுக்கு மரியாதை கூடுதல். ஆனால் வேலை கொடுக்கிற இடத்தில், சொந்தமாகத் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில், துப்பாக்கி வேண்டும் என்கிறீர்களே, வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பா இரண்டு இடத்துக்கும் நடுவில் செருப்புத் தேய நடந்து, எப்படியோ இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டார். மில்லர்புரத்தில் ஒரு வங்கி வாசலில் நிற்க ஆரம்பித்தார். அக்கா அவர் தோளில் தொங்க ஆரம்பித்தாள்.

அங்கே அவர் யாரையும் சுடவில்லை. சலான் நிரப்பிக் கொடுத்தார், பேனா இரவல் கொடுத்தார், ஏ.டி.எம்.மில் கார்டை விட்டுவிட்டுப் போன கிழவர்கள் பின்னால் ஓடினார். அக்கா செய்த ஒரே சேதம், அப்பா குனிந்து யாருக்கோ கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியபோது டோக்கன் மெஷினின் கண்ணாடியை இடித்து உடைத்ததுதான்.

துப்பாக்கி வாங்கிய புதிதில் குடும்பத்தோடு எங்கேயோ ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இரண்டு நாள் இதை இங்கே வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார். அப்போது இருந்த ரைட்டர் தலையைத் தூக்காமலேயே, எலெக்‌ஷனுக்குத்தான் வாங்குவோம், மற்றபடி உங்கள் துப்பாக்கிக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ‘பொறுப்பு’ என்ற அந்த ஒரு வார்த்தையை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்குள் சேர்த்து வைத்துப் பூட்டிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஓர் இரவு வெளியூரில் தங்கியது கிடையாது. அம்மா போனால் அப்பா இருப்பார். அப்பா போகவே மாட்டார். எலெக்‌ஷன் வந்தால் எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வார்கள், அப்போதாவது கிளம்பலாமே என்றால், பழைய பட்டாளத்துக்காரர்களைப் பூத் காவலுக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். எலெக்‌ஷன் முடிந்து அப்பாவும் அக்காவும் சேர்ந்தாற்போல் வீடு திரும்புவார்கள்.

அண்ணன் விசாகப்பட்டினத்தில் கிரேன் ஓட்டுகிறான். அங்கேயே ஒரு தெலுங்குப் பெண்ணைப் பிடித்துப்போய், கல்யாணமும் அங்கேயே நடந்தது. நானும் அம்மாவும் போனோம். அப்பா வரவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் தெலுங்கில் ஏதோ பரிதாபமாகப் பேசிக்கொண்டார்கள். அம்மாவைப் புருஷன் இல்லாதவள் என்று நினைத்துவிட்டார்கள் என்பது இரண்டாம் நாள்தான் எங்களுக்குப் புரிந்தது. முகூர்த்தத்தன்று அம்மா குங்குமப் பொட்டை நாலணா அளவுக்கு வைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்குத் தகப்பன் செய்ய வேண்டியதையெல்லாம் அண்ணனின் மேஸ்திரி செய்தார். ஊருக்கு வந்தும் அம்மா அதைப் பற்றி அப்பாவிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

பிறகு வங்கியில் கேமரா வைத்தார்கள், அலாரம் வைத்தார்கள், அப்பாவுக்குச் சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது துறைமுகம் போகிற சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் லத்தியும் விசிலுமாக நிற்கிறார். அக்காவுக்கு வேலை இல்லை. கடைசியாக ஒருமுறை நன்றாக எண்ணெய் போட்டு, கான்வாஸ் பையில் வைத்து ஜிப்பை இழுத்துப் பீரோவுக்குள் வைத்தார் அப்பா. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்க ஆரம்பித்தார். வேலை போன துப்பாக்கியைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீடு மாப்பிள்ளையூரணியில். காற்றில் உப்பு நாக்கில் படுகிற ஊர். சைக்கிள் செயின் மூன்று மாதம் தாங்காது, ஜன்னல் கம்பி பெயர்ந்து கையோடு வரும். பீரோவே காலடியில் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்கிறது. அதற்குள் இருக்கிறவள் மட்டும் எப்படிச் சும்மா இருப்பாள்.

போன வருஷம் அண்ணனுக்குப் பையன் பிறந்தான். முதல் பிறந்த நாள் நெருங்கியபோது அண்ணன் போன் பண்ணினான். இந்தத் தடவை அம்மாவும் தங்கச்சியும் மட்டும் வருவதாக இருந்தால் யாரும் வர வேண்டாம் என்று சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அப்பாவைத் தைத்துவிட்டது. அக்காவைக் கட்டிக் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

துப்பாக்கியைச் சும்மா யாருக்கும் விற்க முடியாது. வாங்குகிறவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். நாலைந்து பேரிடம் சொல்லி வைத்ததில் ரெக்சன் என்று ஒருவர் அகப்பட்டார். கடற்கரைக்காரர். அவர் அப்பா சங்கு குளித்தவர். இவர் நேவியில் இருந்துவிட்டு வந்து, பணம் கொண்டுபோகிற வேனில் காவலுக்குச் சேரப்போகிறார். அவருக்கு அந்த மாதக் கடைசிக்குள் துப்பாக்கி வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும். அண்ணன் பையனுக்கு அதற்கடுத்த வாரம் பிறந்த நாள். பொருத்தம் இதைவிட எப்படி அமையும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பார்க்க வரும்போது கேசரி கிண்டட்டுமா என்று கேட்டேன். அம்மா கரண்டியைக் காட்டினாள்.

ரெக்சன் வந்து உட்கார்ந்தார். அப்பா பையை எடுத்து வந்து பாயில் வைத்தார். ஜிப் பாதியில் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிரித்தால் உள்ளிருந்து பழைய தண்ணீர்த் தொட்டி வாசனை வந்தது. குழல் முழுக்கக் காப்பிப் பொடி தூவினாற்போல் பழுப்பு. அதைப் பார்த்துக்கூட அப்பா பெரிதாகக் கலங்கவில்லை. பட்டாளத்தில் இதைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறேன், மேல்துரு, இறங்கிவிடும் என்றார். பிறகு குழலின் அடியில் இடதுபக்கம் இருந்த சந்தனப் பொட்டை நகத்தால் நெம்பினார். அது ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே கறுப்பும் சிவப்புமாகச் சிரங்கு பிடித்த மாதிரி ஒரு பள்ளம். அந்த இடத்தில்தான் துப்பாக்கியின் நம்பர் இருந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நம்பர்லயா போயி பொட்டு வச்ச?"

"வண்டிக்கு நம்பர் பிளேட்லதான வைக்கோம். பின்ன குழாய் ஓட்டைலயா வைக்க?" என்றாள் அம்மா.

அம்மா பெயர் செல்லத்தாய். ஆயுத பூஜையன்று சைக்கிள், தையல் மிஷின், அரிவாள்மனை, மிக்ஸி, அக்கா என்று வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பது அவள் வேலை. எல்லாவற்றுக்கும் ஒரு நெற்றி வேண்டும். துப்பாக்கியில் எழுத்து இருக்கிற அந்தத் தட்டையான இடத்தை அவள் நெற்றி என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம், அக்கா பைக்குள் போகிறவரைக்கும் வருஷாவருஷம் அதே இடத்தில், பழையதன் மேலேயே புதியது.

துடைத்திருக்கலாமே என்று ரெக்சன் மெதுவாகச் சொன்னார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வைத்த பொட்டைத் தானாக உதிரவிட வேண்டும், கையால் துடைப்பதா, ஒரு சுமங்கலியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ரெக்சன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அப்பாவாலும் வாயைத் திறக்க முடியவில்லை. ஏனென்றால் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எண்ணெய்த் துணியால் துடைத்தவர் அவர்தான். பொட்டு அழிந்துவிடாமல், அதைச் சுற்றிச் சுற்றிக் கவனமாகத் துடைத்திருக்கிறார்.

விஷயம் என்ன என்று எனக்கு ரெக்சன்தான் விளக்கினார். விற்பதற்கு முன்னால் ஸ்டேஷனில் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். லைசென்ஸில் இருக்கிற நம்பரும் இதில் இருக்கிற நம்பரும் ஒன்று என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் மேலே நகரும். நம்பர் தெரியவில்லை என்றால் இது அந்தத் துப்பாக்கியே இல்லை. தெரிய வேண்டும் என்று துருவைத் தேய்த்து, அதோடு நம்பரும் போய்விட்டால், நம்பரை அழித்ததாகக் கேஸ். அது தனிக் குற்றம், ஜெயில். சரி, விற்கவே வேண்டாம், பூட்டி வைப்போம் என்றாலும் அடுத்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க இதே நம்பரைக் காட்டித்தான் ஆக வேண்டும். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் கடல். அப்பா அதற்கு நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. துப்பாக்கியைத் திறந்து போட்டுக்கொண்டு வாசலைத் திறந்துவைக்க முடியாது. யார்டில் ராத்திரி வேலை முடித்து அப்பா காலையில் வருவார். குளிப்பார். சாக்கை விரித்து உட்காருவார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. துரு இளக அப்பா ஊற்றிய மண்ணெண்ணெயின் ஆவிக்குப் பயந்து அம்மா ஸ்டவ்வைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் வைத்துச் சமைத்தாள். அப்படியும் ரசத்தில் மண்ணெண்ணெய் வாசம். தலையணையில், என் தாவணியில், ஒரு பல்லி செத்து விழுந்ததே, அதில்கூட அந்த வாசம்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருநாள் சுவர் வழியாக, என்ன செல்லத்தாய், பகலிலும் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். அப்பாவுக்கு அம்மை என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் வேப்பிலை கொண்டுவந்து வாசலில் செருகிவிட்டுப் போனாள். அது வாடுகிறவரைக்கும் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

குழலின் மேல்துரு அப்பா சொன்னபடி இறங்கியது. எண்ணெயில் ஊறப்போட்டு, பழைய செம்புக் காசால் மெல்லச் சுரண்டுவார். செம்பு இரும்பைக் கீறாதாம். பிறகு துணித்துண்டால் துடைப்பார். துணி சிவந்து போகும், தூக்கிப் போடுவார், அடுத்த துண்டு. அந்தத் துண்டுக்குப் பட்டாளத்தில் சிந்தி என்று பெயர். என் பழைய பள்ளிக்கூடப் பாவாடை இரண்டு, சிந்தியாகச் செத்தது. நான் வருத்தப்படவில்லை, பள்ளிக்கூடமும் என்னை விட்டதற்கு வருத்தப்படவில்லை.

நம்பர் இருந்த இடத்தில் மட்டும் அவர் காசு வைக்கவில்லை. சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் பஞ்சு சுற்றி, ஒற்றி ஒற்றி எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றுவார், தலையைத் திருப்பி மூச்சு விடுவார். ரெக்சன் ஒருநாள் வந்து, மச்சினன் பட்டறையில் பஃப் போட்டுப் பளபளப்பாக்குகிற மிஷின் இருக்கிறது அண்ணாச்சி, ஒரு நிமிஷ வேலை என்றார். அப்பா அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். உப்புத்தாளாவது லேசாகப் போட்டுப் பாருங்கள் என்றார் ரெக்சன். துருவைக் கொண்டுவருவதும் உப்பு, துருவை எடுக்கிற தாளுக்குப் பெயரும் உப்பு என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் அப்பா லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பார். சரியாக இருந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அம்மா கொல்லையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டுப் போவாள். அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இத்தனை தடவை கிட்டக் கிட்ட வந்து நான் பார்த்ததில்லை. அம்மா விசாகப்பட்டினத்துக்கு முறுக்கு மாவு இடித்துவைத்தாள். குழந்தைக்கு வாங்கிய சட்டையை அப்பாவிடம் காட்டினாள். அவர் கையில் எண்ணெய் இருந்ததால் தொடாமல் பார்த்தார்.

கடைசி எழுத்து மட்டும் சரியாக வரவில்லை. புத்தகத்தில் எட்டு. துப்பாக்கியில் அந்த எட்டின் இடதுபக்கம் குழிக்குள் குழியாகக் கரைந்துபோய், வலதுபக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. யார் பார்த்தாலும் மூன்று என்றுதான் சொல்வார்கள்.

அப்பா அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மூன்றுதான்.

எனக்குக் கணக்குதான் வராது, எண்கள் வரும். மூன்றை எட்டாக்குவது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து தடித்த ஊசி ஒன்றை எடுத்து வந்தேன். இரண்டு வளைவுதான் அப்பா, நான் போட்டுவிடுகிறேன், மேலே கொஞ்சம் கரியும் எண்ணெயும் தடவினால் பிரம்மாவுக்குக்கூடத் தெரியாது என்றேன். அதில் பொய்யும் இல்லை. அது நிஜத்திலேயே எட்டுதானே. உண்மையைத்தான் எழுதப்போகிறோம்.

அப்பா ஊசியை வாங்கினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஊசியை அந்தக் குழி ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். அம்மா கொல்லைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசி முனை இரும்பில் பட்டு லேசாக ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கையை எடுத்துவிட்டார்.

"ஏளா, கம்பெனிக்காரன் அடிச்சா அது நம்பர். நான் கீறுனா அது என் கையெழுத்து. அத வச்சிக்கிட்டு நான் எங்க போனாலும் அது பின்னாலயே வரும்" என்றார்.

ஊசியை என்னிடம் கொடுத்தார். அம்மா உள்ளே வந்து முறுக்கு மாவை டப்பாவில் போட்டு மூடினாள். இனி ஊருக்கு எங்கே போக என்று அந்த மூடிச் சத்தத்திலேயே கேட்டது.

மறுநாள் அப்பா வங்கிக்குப் போட்டுப் போன சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அக்காவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அம்மா என்னையும் கூட அனுப்பினாள். ஆட்டோவில் அக்கா எங்கள் இரண்டு பேர் மடியிலும் படுத்து வந்தாள். ரெக்சன் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார். எஸ்.ஐ. பிளாரன்ஸ் என்று ஓர் அம்மா. துப்பாக்கியைக் கையில் வாங்கி, செல்போன் வெளிச்சத்தை அடித்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். கடைசியில் மூன்று என்று படித்து நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

அப்பா விறைப்பாக நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னார். ஆயுத பூஜை, சந்தனம், நம்பர் பிளேட், எல்லாம். சிரித்துவிடக் கூடாதே என்று பக்கத்திலிருந்த ஏட்டு குனிந்துகொண்டார். பிளாரன்ஸ் அம்மா சிரித்தே விட்டார். எங்கள் ஜீப்புக்கும் அங்கேதான் வைக்கிறோம் என்றார். சிரிப்பு நின்ற பிறகு, ஆனாலும் நான் இதை எட்டு என்று எழுத முடியாது அண்ணாச்சி என்றார். யாரும் எதுவும் செய்த மாதிரித் தெரியவில்லை, துரு தின்றதுதான், அதை நான் எழுதுகிறேன். ஆனால் நம்பரைச் சென்னையில் தடயவியல் லேபில்தான் எழுப்பிப் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் துப்பாக்கி எங்களிடம் இருக்கட்டும், எவ்வளவு நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். ரெக்சன் தலையைச் சொறிந்தார். அவருடைய தேதி அதற்குள் போய்விடும். வேறொன்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

ரசீது கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகும் நின்றார். வேற என்ன என்று பிளாரன்ஸ் அம்மா நிமிர்ந்தார்.

"மேடம், நான் ஊர விட்டுப் போலாமா?"

"எதுக்குக் கேக்கீங்க? உங்க மேல என்ன கேஸா இருக்கு?"

"இல்ல மேடம். துப்பாக்கிக்கு நான்தான பொறுப்பு."

"அதுதான் இப்ப எங்கிட்ட இருக்கே."

அதோடு விட்டிருக்கலாம். அந்த அம்மா நல்ல மனசோடு, இனிமேல் அது திரும்பி வந்த பிறகும் வெளியூர் போவதாக இருந்தால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்றார். காசிக்குப் போகிறவர்கள், துபாயில் மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எலெக்‌ஷனுக்கு மட்டும்தான் வாங்குவோம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டார்.

அப்போது இருந்த ரைட்டர் என்றார் அப்பா. எப்போது என்று கேட்டார் அந்த அம்மா. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த ரைட்டர் வேலை மிச்சம் என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது நான் பிறக்கவில்லை. இந்த அம்மா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா காலிப் பையை மடியில் நீளமாகப் போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தார். மடித்து வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். அக்கா மட்டும் தனியாகச் சென்னைக்குப் போகிறாள் பார் என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மாவிடம் அவரே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. விற்க முடியவில்லை என்பது, ஆனால் போகலாம் என்பது, எப்போதுமே போகலாமாம் என்பது. அம்மா கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப முத்துக்குமரன் கல்யாணத்துக்கும் வந்திருக்கலாம்."

"யாரும் சொல்லலையே" என்றார் அப்பா.

"நீங்க கேக்கலையே."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டு நின்றார். அம்மா அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான் போனை எடுத்து மூன்று பேருக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. வெகுநேரம் கழித்து அப்பா தன் போனை எடுத்தார். யார்டு சூப்பர்வைசருக்குப் போட்டார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக லீவு கேட்டார். நின்றபடிதான் கேட்டார்.

அந்தப் பக்கம் எத்தனை நாள் என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"திரும்பி வாற தேதி எதையும் சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

அப்பா போனை மறுபடி காதில் வைத்தார். வாயைத் திறந்தார். மூடினார். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்துவது எனக்கே கேட்டது.

"சார், போயிட்டுச் சொல்லுதேன்" என்றார்.